வெட்டிய புல் எப்படித் தழைக்கிறது?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மாடு மேய்க்கப் பரந்த தரிசு நிலம் குறைவு. வீட்டைச் சுற்றித் தென்னை, வாழை, மரவள்ளி. ஒரு பசு, இரண்டு பசு வளர்ப்பவர்கள் தோப்பிலேயே தீவனப் புல் நட்டு, அறுத்துப் போடுகிறார்கள்.

கறவைப் பசுவுக்கு நாள் ஒன்றுக்கு 25 முதல் 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வைக்கோலும் பிண்ணாக்கும்தான். வைக்கோலோ தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது. பால் விற்ற காசு அதற்கே போய்விடும்.

இரண்டு வீட்டார் ஒரே நாளில் ஒரே இடத்தில் கரணை வாங்கி நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகள் ஆகியும் புல் செழிப்பாக நிற்கிறது. மற்ற வீட்டில் இரண்டாம் ஆண்டே தூர் மெலிந்து, களை ஏறிவிட்டது. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. பிறகு எது வேறு? அரிவாள் பட்ட இடம் வேறு. அரிவாள் வைத்த நாளும் வேறு.

தென்னைக்கு ஒரே ஒரு குருத்து. அது உச்சியில் இருக்கிறது. அதை வண்டு தின்றுவிட்டால் மரம் போய்விடும். புல் அப்படி இல்லை. இளம் புல்லின் குருத்து தரையை ஒட்டி, இலை உறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. மாட்டின் வாய்க்கு அது எட்டுவதில்லை. இலை வளர்வதும் நுனியில் அல்ல, அடியில்தான். நுனியைக் கடித்துவிட்டாலும் அடி அந்த இலையை மேலே தள்ளும்.

பொன்முடி மலையில் கோடையில் தீப்பிடித்துக் கருகும் புல்வெளி, மழை பெய்ததும் பச்சையாவது இதனால்தான். மேலே எரிந்தாலும் அடிமொட்டு பிழைத்திருக்கும்.

புல் முற்றினால் தண்டு நீளும். அப்போது குருத்தும் தண்டோடு உயரே போய்விடும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் இது சீக்கிரமே நடக்கிறது. கம்பையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யானைப்புல்லையும் இணைத்து உண்டாக்கியது இந்தப் புல். இதை அறுக்கும்போது பல தண்டுகளின் குருத்தும் சேர்ந்தே போகும். இனிமேல் புதிய தளிர் எங்கிருந்து வரும்? கட்டையில் உள்ள கணுக்களிலிருந்து வரும். கரும்பின் கணுவில் கண் இருப்பதுபோல் இதிலும் கண் உண்டு. அது விழித்துத் தளிர்விடும். மண்ணை ஒட்டிய மொட்டுகளிலிருந்து புதுத் தூரும் கட்டும். தரையோடு சீவிவிட்டால் அந்தக் கண்களும் போய்விடும். ஆகவே 10 முதல் 15 சென்டிமீட்டர் கட்டையை விட்டு அறுக்க வேண்டும். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கட்டையை விடுவது வீண் என்று பலருக்குத் தோன்றும். அடுத்த அறுவடைக்கான விதையே அந்தக் கட்டைதான்.

கட்டையில் கண் மட்டும் இல்லை. உணவும் இருக்கிறது. இலை வெயிலை வாங்கி உணவு சமைக்கிறது. தன் தேவைக்குப் போக மிஞ்சியதைச் சர்க்கரையாகவும் மாவாகவும் தண்டின் அடியிலும் வேரிலும் சேர்த்துவைக்கிறது. அறுத்த மறுநாள் செடிக்கு இலை இல்லை. சமையல் நின்றுவிட்டது. முதல் சில நாட்கள் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் தளிர் வளர்கிறது. அந்த நாட்களில் வேர் வளர்வதுகூட நின்றுபோகும். மெல்லிய வேர்கள் சில செத்தும் போகும். இரண்டு மூன்று இலைகள் விரிந்த பிறகே வரவு தொடங்கும். அதற்குப் பிறகுதான் மறுபடி சேமிப்பு.

இப்போது அந்த இரண்டாம் வீட்டை நினைத்துப் பாருங்கள். புல் போதவில்லை, பசு கத்துகிறது. 20 நாளிலேயே அரிவாள் வைக்கிறார்கள். சேமிப்பு இன்னும் நிரம்பவில்லை. அடுத்த முறை புல் இன்னும் குறைகிறது. அதனால் இன்னும் சீக்கிரம் அறுக்கிறார்கள். வேர் குட்டையாகிறது. கோடை வந்ததும் தூர் காய்ந்துபோகிறது.

நட்ட புல்லை முதன்முதலில் 75 நாள் கழித்து அறுக்கலாம். பிறகு கம்பு நேப்பியரை ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். மேலும் காத்திருந்தால் எடை கூடும். ஆனால் தண்டு விறைத்துப் புரதம் குறையும். பசு தண்டை ஒதுக்கித் தள்ளும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தோட்டத்தை ஆறு பாத்தியாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு பாத்தி அறுங்கள். ஏழாம் வாரம் முதல் பாத்திக்குத் திரும்பலாம். அதற்குள் 42 நாட்கள் ஆகியிருக்கும்.

மிக இளம் புல்லில் இன்னொரு கெடுதலும் உண்டு. நேப்பியர் வகைகளில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. இளம்புல்லில் அது அதிகம். உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். கறவைப் பசுவுக்கு அந்தச் சத்து மிகவும் தேவை. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு தட்டைப்பயற்றுக் கொடி போன்ற தீவனம் கலந்து கொடுப்பது நல்லது.

தென்னையின் நிழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பு நேப்பியருக்கு நல்ல வெயில் வேண்டும். கினியாப் புல் நிழலைத் தாங்கும். திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி 1955ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே தீவனப் பயிர் ஆராய்ச்சி நடக்கிறது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த கினியாப் புல் ரகங்களில் ஹரிதா, மரதகம் இரண்டும் பெயர் பெற்றவை. 25 வயது தாண்டிய தென்னைகளுக்கு இடையே வெளிச்சம் தரைவரை வரும். அங்கே கினியாப் புல் நன்றாக வரும். நிழலில் தூர் குறைவு, சேமிப்பும் குறைவு. அதனால் அங்கே கொஞ்சம் உயரக் கட்டை விடுவதும், சில நாட்கள் கூடுதலாகக் காத்திருப்பதும் நல்லது.

ஒவ்வொரு கட்டுப் புல்லோடும் மண்ணின் சத்தும் தொழுவத்துக்குப் போகிறது. அதைத் திருப்பித் தரத் தொழுவமே இருக்கிறது. அறுத்த பிறகு சாணிக் கரைசலும் மாட்டு மூத்திரமும் சேர்ந்த தண்ணீரைத் தூருக்கு விட்டு, மண் அணைக்க வேண்டும். அரிவாள் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய அரிவாளால் இழுத்தால் தூர் ஆட்டம் கண்டு வேர் அறும். கோடைக்கு முந்திய கடைசி அறுப்பில் கட்டையை இன்னும் சற்று உயரமாக விடுங்கள்.

சில ஆண்டுகளில் தூர் பெருத்து, அதன் நடுப்பகுதி செத்துப்போகும். இடவப்பாதி மழை தொடங்கும் ஜூன் மாதத்தில் அந்தத் தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். செத்த நடுப்பகுதியைக் கழித்துவிட்டு, ஓரத்தில் உள்ள இளம் தூர்களை வேரோடு பிரித்து நடலாம். மீந்ததைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாம்.