கண்ணாடிக் கூம்புக்குள் வளர்ந்த நரம்பு

2011 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு பெண்மணி காபி குடித்தார். மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. மூளைத்தண்டைத் தாக்கிய பக்கவாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் கைகால் அசையாமல், பேச்சும் இல்லாமல் இருந்தவர் அவர். கையை நீட்ட வேண்டும் என்று நினைத்தார். அருகிலிருந்த இயந்திரக் கை நீண்டு புட்டியைப் பற்றி உதட்டருகே கொண்டுவந்தது.

பலரும் அந்த இயந்திரத்தை வியந்தார்கள். எனக்கு அந்த நினைப்புதான் அதிசயம். இத்தனை ஆண்டுகள் கை ஒருமுறைகூடப் பணியவில்லை. அதை ஆளும் மூளைப்பகுதியோ கட்டளையிடும் வித்தையை மறக்கவே இல்லை!

அந்தக் கட்டளையைக் கேட்டது, அவர் மூளையில் ஐந்தாண்டுகளுக்கு முன்பே பதித்த ஒரு சிலிக்கான் தகடு. பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர். அதில் 96 ஊசி முனைகள் செவிசாய்த்திருந்தன. ஒரு நரம்பணுவின் துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். ஊசியை எட்டும்போது அதன் வலு, ஒரு வோல்ட்டைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு அளவே.

ஆனால் மூளை இந்த ஊசிகளைச் சும்மா விடுவதில்லை. கட்டித் தயிர்போல் இளகிய திசு அது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் மெல்ல அசைகிறது. விறைத்த ஊசி அசையாமல் நின்று உறுத்துகிறது. உடனே மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் சூழ்கின்றன. நட்சத்திர வடிவ அணுக்கள் சுற்றிலும் தழும்பாகச் சுவர் எழுப்புகின்றன. மாதங்கள், ஆண்டுகள் போகப்போகப் பல முனைகளில் ஓசை மங்குகிறது. பொறியாளர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும், கேட்க வந்தவரா கெடுக்க வந்தவரா என்று பாராமல் தடுக்கும் இந்தக் காவலை வைத்த படைப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிலிப் கென்னடி என்ற நரம்பியல் மருத்துவர் வேறு வழி பார்த்தார். நரம்பைத் தேடி ஊசியை அனுப்பாமல், நரம்பே வரட்டும் என்று இடம் கொடுத்தார். ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள, இருபுறமும் திறந்த கண்ணாடிக் கூம்பு. உள்ளே மெல்லிய தங்கக் கம்பி, கூடவே நரம்பு வளரத் தூண்டும் பொருள். 1990களில் மனித மூளையிலும் அதைப் பதித்தார்கள். சில மாதங்களில் சுற்றியிருந்த நரம்பிழைகள் கூம்புக்குள் வளர்ந்து புகுந்தன. மூளையின் மற்ற இழைகளைப் போலவே மயலின் என்னும் காப்பு உறையும் போர்த்திக்கொண்டன. அந்தக் கம்பிகளில் ஆண்டுக்கணக்கில் துடிப்பு கேட்டது.