கையெழுத்துப் போட்டவர் கிளம்பிவிட்டால்

கார் நிக்கோபாரில் நிலம் தனி ஆளுடையது அல்ல, துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துடையது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி, நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எங்களைப் போன்ற வெளியாட்கள் குத்தகைக்குக்கூட நிலம் எடுக்க முடியாது. அதனால் இங்கே அரசுக் குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளிய எனக்கு வாடகை அக்ரிமென்ட் பற்றித் தெரியவந்தது, சென்னையிலிருந்து மகள் போன் செய்த பிறகுதான்.

வேளச்சேரியில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை 24,000, அட்வான்ஸ் 72,000. ஒரே அக்ரிமென்ட்டில் மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

"அவ பங்கு எட்டாயிரத்தை அவதானேம்மா கட்டணும்?"

வீட்டுக்காரருக்கு அந்தப் பங்குக் கணக்கே கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அக்ரிமென்ட்டில் வேறுவிதமாக எழுதாதவரை, சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழு வாடகையையும் அவர் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டும். போனவளும் இதிலிருந்து தப்ப முடியாது. அவள் பெயர் பத்திரத்தில் இருக்கும்வரை, அங்கே வாடகை பாக்கி விழுந்தால் அவளையும் கேட்பார்கள். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கூட்டு வாடகைதாரர்களில் ஒருவருக்குப் போனாலே செல்லும் என்று கஞ்சி மான்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

கப்பல் பிடித்துப் போர்ட் பிளேர் போய், அங்கிருந்து விமானம் ஏற எனக்கு நேரமில்லை. எல்லாம் போனிலேயே நடந்தது. முதலில் வீட்டுக்காரரிடம் பேசச் சொன்னேன். அவர் சம்மதத்துடன் பழைய அக்ரிமென்ட்டை எழுத்தில் முடித்து, இனி இருக்கப்போகிறவர்கள் பெயரில் புதிதாகப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி அதையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் புதுப் பெண்ணைக் குடிவைத்தால் உள்வாடகை என்று பிரச்சினை கிளம்பும்.

அட்வான்ஸ்தான் தோழிகளையும் பகையாக்குவது. வீட்டுக்காரர் வீடு முழுசாகக் காலியாகும்போதுதான் அதைத் தருவார். அதனால் புதிதாக வந்தவள், அட்வான்ஸில் ஒரு பங்கான 24,000-ஐப் போனவள் கணக்குக்கு நேராக அனுப்பினாள், எதற்கென்ற குறிப்போடு. அதற்கு முன்பே கரண்ட் மீட்டர் ரீடிங்கையும், பாத்ரூம் கதவில் இருந்த பழைய விரிசலையும் போட்டோ எடுத்து மூவருக்கும் அனுப்பவைத்தேன்.

பிள்ளைகளை வெளியூரில் விட்டிருக்கும் பெற்றோர் ஒருமுறை அந்த அக்ரிமென்ட்டை வாங்கிப் படியுங்கள். மகளின் புது அக்ரிமென்ட்டில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: விலகுபவர் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், மாற்று ஆள் வரும்வரை அவர் பங்கு வாடகை அவருடையது. மூன்று பெண்களும் வீட்டுக்காரரும் அதன் கீழே கையெழுத்திட்டார்கள்.