பாப்பாபட்டியின் காலி நாற்காலி

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊராட்சிகள். 1996-ல் இவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. காலங்காலமாகக் கைகட்டி நின்றவர்கள் நாற்காலியில் உட்காருவதை ஆதிக்க சாதியினரால் பொறுக்க முடியவில்லை. பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை.

முதலில் வேட்புமனு போடவே ஆள் வரவில்லை. பிறகு இன்னொரு வழி கண்டார்கள். சொன்னபடி கேட்கும் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவியேற்பார், ராஜினாமா செய்வார். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. விரலில் மை வைத்தார்கள், ஓட்டு எண்ணினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

விலகியவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதே மாவட்டத்தின் மேலவளவில் விலக மறுத்த தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

2006-ல் ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசினார். அரசும் உறுதியாக நின்றது. அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். முடிகிற காரியம்தான் அது. அதற்குப் பத்தாண்டு ஏன் ஆயிற்று என்பதுதான் ஆறாத வருத்தம்.

மக்கள் பிரதிநிதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஊர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. டெல்லி நாடாளுமன்றத்தில் அரிவாள் இல்லை, ஆனால் எப்படி ஓட்டுப்போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு இருக்கிறது. விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்க 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டால் பதவியே பறிபோகலாம். தன் தொகுதிக்குக் கேடு என்று மனதாரத் தெரிந்த மசோதாவுக்கும் உறுப்பினர் கை தூக்க வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஓட்டுப்போட்டு அனுப்பியவர் கடைசியில் பதில் சொல்வது கட்சித் தலைமைக்கு.

சாதாரண மனிதர் நேரே எழுந்து கணக்குக் கேட்கக்கூடிய இடம் கிராம சபை ஒன்றுதான். அதன் தலைவரையும் நாம் சுலபமாக இழந்துவிடுகிறோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு மேல் தலைவர்களுக்குப் பதிலாக அரசின் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். இந்த முறை யாரும் யாரையும் மிரட்டவில்லை. குடிதண்ணீர்க் குழாய் உடைந்தால், கேட்பதற்கு ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.