அலுவலகம் வீட்டுக்கு வந்தால் நகரம் என்னவாகும்?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் இப்போது அக்காவின் அலுவலகம். முன்பெல்லாம் விடியுமுன் எழுந்து, கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கோலாலம்பூர் போவார். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் பயணம். எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால், மஸ்ஜிட் ஜாமேக் அருகே அவர் சாப்பிடும் கடைக்கு வாரம் மூன்று சாப்பாடு நட்டம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வீட்டிலிருந்து வேலை செய்வது பரவியது. 2023 முதல், வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றக் கேட்டு ஊழியர் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம்.

தலைநகருக்கு இது புதிதல்ல. 1999 முதல் அரசு அலுவலகங்கள் புத்ராஜெயாவுக்கு மாறியபோதே பல ஊழியர்களை அது இழந்தது.

மீள்வதற்கு வழி உண்டு. ஜாலான் சுல்தானில் மூடிக் கிடந்த ரெக்ஸ் திரையரங்கு, 2019-இல் உணவுக் கடைகளும் கலை நிகழ்ச்சிகளும் கொண்ட இடமாகத் திறந்தது. பிறகு புத்தகக் கடையும் வந்தது. அலுவலகம் இல்லாத சனி, ஞாயிறிலும் அங்கே கூட்டம் வருகிறது.

ஆனால், வருகிறவர்கள் மட்டும் போதாது, குடியிருப்பவர்களும் வேண்டும். லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் கிட்டங்கியிலேயே கணக்கு எழுதி, அங்கேயே படுத்து உறங்கினார்கள். காலியான மாடிகளில் மாணவர்களுக்கும் இளம் ஊழியர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைத்தால், அக்கா வராத நாளிலும் அந்தக் கடையில் அடுப்பு எரியும்.