பாலம் கடக்கும்வரை ஓர் ஆல்பம்

ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாலத்து நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் கேட்க மூன்று ஆல்பங்கள்.

பிரியா ராகுவின் ‘சந்தோஷம்’ 2023இல் வந்தது. போருக்குத் தப்பி சுவிட்சர்லாந்துக்குப் போன ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் இவர். இசையில் துணை, உடன்பிறந்த சகோதரர். ஆங்கிலப் பாட்டுதான், ஆனால் தாளத்திலும் குரலிலும் நம் வீட்டு வாசனை. தமிழ்ப் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருந்தால் இதை ஓடவிட்டுப் பாருங்கள்.

சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’டும் அதே ஆண்டுதான். ஜான் மெக்லாஃப்லின் கிதார், ஜாகிர் உசேன் தபேலா, சங்கர் மகாதேவன் குரல், கணேஷ் ராஜகோபாலன் வயலின். தாள வாத்தியத்தில் இன்னொருவர் செல்வகணேஷ். 1970களில் இதே குழுவில் கடம் வாசித்தவர் இவருடைய அப்பா விக்கு விநாயக்ராம்! 2024 பிப்ரவரியில் இந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. அவசரத்தில் கேட்கிற இசை இல்லை, நெரிசலுக்குப் பொருத்தம்.

மூன்றாவது புதிதல்ல, திட்டாதீர்கள். நம் யோகி பி, நட்சத்ராவின் ‘வல்லவன்’, 2006. இளையராஜாவின் ‘மடை திறந்து’ ராப்பாகித் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது இதில்தான். இன்று உள்ளூர் ராப் எது வந்தாலும் நான் இதோடுதான் ஒப்பிடுகிறேன். பல தோற்கின்றன.

மூன்றையும் முழுதாகக் கேளுங்கள். வானொலியில் நாங்களே ஓர் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைத்தான் போடுகிறோம், மற்றவை அனாதையாகிவிடுகின்றன. சின்ன வயதில் அப்பாவின் காரில் கேசட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை. எனக்கு இன்னும் மனப்பாடமாக இருப்பவை பி பக்கத்துப் பாட்டுகள்தான்.