மலையுச்சியில் மூளைக்கு நேர்வது

மஸ்ஜித் இந்தியா வீதியில் நின்று நாம் இழுக்கும் மூச்சிலும், நம் நாட்டவரில் முதல்வர்களாக எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும் 1997ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி கால் பதித்த எவரெஸ்ட் சிகரத்துக் காற்றிலும், பிராணவாயுவின் விகிதம் ஒன்றே. நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு. குறைவது காற்றின் அழுத்தம். சபாவின் கினபாலு உச்சியில், 4,095 மீட்டர் உயரத்தில், அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்காகவும், எவரெஸ்டில் மூன்றில் ஒரு பங்காகவும் குன்றிவிடுவதால், இரத்தத்தில் ஏறும் பிராணவாயுவும் குன்றுகிறது.

சரீரத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கையில் செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்வது. சேமித்து வைக்க அதற்கு வழியுமில்லை. கழுத்துத் தமனியை ஒட்டிய சிறு உணர்வுறுப்புகள் குறையைக் கண்டு சுவாசத்தை விரைவுபடுத்த, அவ்விரைவினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேற, அது குறைந்ததனால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்க முற்படுகின்றன. பிராணவாயுக் குறைவோ அவற்றை விரியச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை வாய்க்கவும், சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சீர்செய்யவும் சில நாட்கள் வேண்டும். கினபாலு ஏறுவோர்க்கு அந்த அவகாசம் இல்லை: 1,866 மீட்டரில் தீம்போஹோன் வாயிலில் புறப்பட்டு, அன்றிரவே 3,270 மீட்டர் அளவிலுள்ள லாபான் ராத்தாவில் படுத்து, விடியுமுன் சிகரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தலைவலியும் குமட்டலும் பலருக்கு வருவது இதனாலேதான்.

இவற்றினும் கொடியது, ஆபத்தை அறியவேண்டிய விவேகமே முதலில் மங்கிவிடுவது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்ஸில் ‘ஸெனித்’ பலூனில் வானேறிய மூவருக்கும் பிராணவாயுப் பைகள் அருகிலேயே இருந்தன. எட்டாயிரம் மீட்டரை நெருங்குகையில் அவற்றின் குழாயைப் பற்றக் கை எழவில்லை. இருவர் மாண்டனர், உயிர் தப்பிய திஸாந்தியே, அவ்வேளையில் வேதனை ஏதுமின்றித் தம் உள்ளம் ஆனந்தத்தால் நிறைந்திருந்ததென்று எழுதிவைத்தார்!

ஆகையால், ஏறுபவரைக் கவனிக்கவேண்டியவர் உடன்வருபவரே. தலைவலி கொண்டவர் தடுமாறினால், ஒரு பாதத்தின் விரலை மற்றதன் குதிகால் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லவேண்டும். இயலாவிடில் மூளை வீங்கத் தொடங்கிற்றென்றே கொள்ளவேண்டும். இன்னும் சிறிது தூரந்தானே என்று அவர் வாதாடுவதையும் நோயின் குறியாகவே கருதி, இரவேயாயினும், ஒருவர் துணையாகச் சென்று அவரைக் கீழே இறக்கிவிட வேண்டும். குப்பியிலுள்ள பிராணவாயுவும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் அதுவரை தாக்குப்பிடிக்க உதவும்.