சோழியில் அகப்பட்ட கிரகணம்

1825ஆம் ஆண்டு. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். எதிரே, சென்னை வானாய்வகத்தை முன்பு நடத்திய ஜான் வாரன். காகிதமில்லை, எழுதுகோலில்லை. சோழி கூடுகிறது, குறைகிறது, இடம் மாறுகிறது. அவ்வளவுதான்! அந்த மே 31 இரவின் சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்லிவிட்டார்.

கிரகணம் தொடங்கியபோது கணக்கில் பிழை வெறும் 4 நிமிடம். நடுப்பகுதியில் 23, முடிவில் 52. கடைசியில் சற்றே சறுக்கல்தான். ஆனாலும் வாய்க்கணக்குக்கு இது சாமானியமா?

அட்டவணைகள் அத்தனையும் மனப்பாடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, எண்களைச் சொற்களாக்கி வைத்திருந்தார்கள். நிலவு பூமிக்கு மிக நெருங்கி வரும் சுற்று ஒன்பது முடிய ஏறக்குறைய 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

கணித்தவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் கொஞ்சம் இளக்காரமாகவே குறித்திருக்கிறார். இருந்தாலும் முறையை விடாமல் எழுதி, அதே ஆண்டில் 'கால சங்கலிதம்' நூலில் சேர்த்தார். 1952இல் அதை எடுத்து ஆராய்ந்த வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாவர், அந்த 248 நாள் கணக்கின் வேர் பண்டைய பாபிலோன் வரை போவதாகக் கண்டார்.

வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது. பல கோயில்களில் திருவிழா நாள் குறிப்பதும் அதைப் பார்த்துத்தான்.